சாவி கையில்தான் இருந்தது!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் கதவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இன்றைய கார் கதவும் உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் திறக்க மின்சாரம் வேண்டும். இரண்டையும் திறக்க ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். இரண்டுமே ஒரு நாள் திறக்க மறுக்கும். அந்த நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே தெரியவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள், நள்ளிரவு தாண்டி மணி 2 இருக்கும். அப்பாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். அம்மா அவரைத் தாங்கிப் பிடித்து லிஃப்டில் அழைத்து வர, நான் படிக்கட்டில் ஓடி, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த காரின் முன் நின்று ரிமோட்டை அழுத்தினேன். வழக்கமாக வரும் சத்தம் வரவில்லை. இண்டிகேட்டர் விளக்குகளும் கண் சிமிட்டவில்லை. மறுபடியும் அழுத்தினேன். கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "கார் பேட்டரி போயிடுச்சும்மா" என்று நானே தீர்ப்பு எழுதி விட்டேன். மொபைலில் 108-ஐக் கூப்பிடலாம் என்றால் கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லை. கடைசியில் மூன்றாவது மாடியில் இருக்கும் மாமா கட்டியிருந்த லுங்கியோடு இறங்கி வந்து, தன் பழைய காரில் எங்களை ஏற்றிக் கொண்டு போனார். அதற்குள் 20 நிமிடங்கள் ஓடி விட்டன.

அப்பா பிழைத்து விட்டார், இப்போது நலம். ஆனால் அந்த 20 நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலை ஓர் இளம் மெக்கானிக் வந்தார். ரிமோட்டை வாங்கினார். அதன் பக்கவாட்டில் இருந்த சின்னக் குமிழைத் தள்ளினார். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வெளியே வந்தது! கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை அந்தச் சாவி முனையாலேயே நெம்பினார். அடியில் சாவித் துவாரம். திருப்பினார், கதவு திறந்தது. கார் ஊரைக் கூட்டுவது போல் அலாரம் அடித்தது. அவர் அலட்டிக் கொள்ளாமல் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்ட வைத்து அழுத்தினார். அலாரம் நின்றது. என்ஜின் முதல் முயற்சியிலேயே ஓடியது.

"கார் பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். ரிமோட்ல இருக்குற பட்டன் செல்தான் தீர்ந்து போச்சு" என்றார். பிறகு, "சார் என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். "சாஃப்ட்வேர்" என்றேன். அவர் சிரித்ததோடு நிறுத்திக் கொண்டார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பிய அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டா, அப்ப சாவி உன் கையிலதானே இருந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம். இரண்டு வருடமாக என் கையில்தான் இருந்தது.

தீர்ந்தது எந்த பேட்டரி?

நான் செய்த முதல் தவறு, கார் திறக்கவில்லை என்றவுடன் கார் பேட்டரிதான் போய் விட்டது என்று முடிவு கட்டியது. இந்த விஷயத்தில் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன. ஒன்று, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. இன்னொன்று ரிமோட்டுக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல். பல ரிமோட்களில் இது சி.ஆர். 2032 என்ற வகை. எங்கோ கேள்விப்பட்டது போல இருக்கிறதா? உங்கள் கம்ப்யூட்டர் மதர்போர்டில், சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட வைப்பது பெரும்பாலும் இதே செல்தான்.

எது தீர்ந்தது என்று கண்டுபிடிப்பது எளிது. முதலில் காருக்கு மிக அருகில் சென்று ரிமோட்டை அழுத்துங்கள். செல் பலவீனமாகும்போது முதலில் குறைவது தூரம்தான். சில நாட்களாகவே இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்ததா? அப்படியானால் செல் மீதுதான் சந்தேகம். அடுத்து, வீட்டில் இருக்கும் இரண்டாவது ரிமோட்டை எடுத்து வந்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் கார் நலம், முதல் ரிமோட்டின் செல்தான் காலி. இரண்டு ரிமோட்டும் வேலை செய்யவில்லை, இரும்புச் சாவியால் கதவைத் திறந்த பிறகும் உள் விளக்கு எரியவில்லை என்றால் காரின் பேட்டரிதான் காலி.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கதவுப் பூட்டைத் திறக்கும் சிறிய மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். ஆனால் என்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் கார் பேட்டரி லேசாகப் பலவீனமாகும்போது கதவு திறக்கும், ஆனால் என்ஜின் "டிக் டிக்" என்று மட்டும் சொல்லும். முந்தைய நாள் வரை நன்றாக ஸ்டார்ட் ஆன கார், விளக்கு எதையும் எரிய விட்டு வராத நிலையில், கதவையே திறக்க மறுத்தால் ரிமோட்டின் செல்லை முதலில் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் மதர்போர்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதில்லையா? அது போலத்தான்.

உள்ளே நுழைய வழி

சாவியைத் திருப்பித் திறக்கும் கார் என்றால் பிரச்சினை இல்லை. அந்தச் சாவியையே கதவுத் துவாரத்தில் நுழைத்துத் திறக்கலாம். பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில்தான் சாவி இருப்பதே பலருக்குத் தெரியாது. ரிமோட்டின் முனையிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதைத் தள்ளியபடி இழுத்தால் இரும்புச் சாவி வரும். பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவில் மட்டும்தான் துவாரம் இருக்கும். சில கார்களில் அது மூடியால் மறைக்கப்பட்டிருக்கும்.

சாவியால் திறந்தவுடன் அலாரம் அடித்தால் பயப்பட வேண்டாம். அது நல்ல செய்தி. கார் பேட்டரி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ரிமோட்டின் செல் தீர்ந்திருந்தாலும் என்ஜினை ஸ்டார்ட் செய்ய முடியும். எப்படி? ரிமோட்டுக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சிப் இருக்கிறது. அலுவலகக் கதவில் நாம் காட்டும் அடையாள அட்டை பேட்டரி இல்லாமல் வேலை செய்கிறதே, அதே தத்துவம். காரில் இருக்கும் கம்பிச் சுருள் வெளியிடும் காந்தப் புலத்திலிருந்தே அந்த சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக் கொண்டு, குறியீட்டைத் திருப்பிச் சொல்லும். ஆனால் மிக நெருக்கத்தில் வைக்க வேண்டும். பல கார்களில் ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்ட வைக்க வேண்டும். சிலவற்றில் அதற்கென்று தனிக் குழி இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று கையேட்டைப் பாருங்கள்.

கார் பேட்டரிதான் காலி என்றால், உள்ளே நுழைந்து பானெட்டைத் திறக்கும் நெம்பியை இழுக்கலாம். பெரும்பாலான கார்களில் அது கம்பியால் இயங்குவது, மின்சாரம் தேவையில்லை. பிறகு வேறொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் மூலம் உயிர் கொடுக்கலாம். சிவப்பு கேபிளை முதலில் தீர்ந்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு கேபிளின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைத் தீர்ந்த காரின் என்ஜினில், பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அருகில் தீப்பொறி பறந்தால் ஆபத்து. பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்திடுங்கள்.

செய்யக் கூடாதவை

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஸ்கேலை விட்டுத் திறப்பதெல்லாம் பழைய கார்களோடு போய் விட்டது. இன்றைய கதவுகளுக்குள் கண்ணாடி மோட்டார், ஸ்பீக்கர், பூட்டு எல்லாவற்றுக்கும் ஒயர்கள் ஓடுகின்றன. ஸ்கேல் அவற்றைக் கிழித்து விடும். டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டு, சாவித் துவாரத்தில் வைத்து அழுத்தினால் பூட்டு திறக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. நம்பாதீர்கள். வீட்டிலிருப்பவர் மொபைல் அருகே ரிமோட்டை அழுத்தினால், இங்கே நம் மொபைல் வழியாகக் கார் திறக்கும் என்பதும் கதைதான். மொபைல் கடத்துவது ஒலியை. ரிமோட் அனுப்புவது ரேடியோ அலையை.

ஒரே ஒரு விதிவிலக்கு. குழந்தை உள்ளே மாட்டிக் கொண்டால் சாவி, மெக்கானிக் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி விடும். 112-ஐ அழைத்து விட்டு, குழந்தை இருக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையை உடைத்திடுங்கள். கண்ணாடிக்கு விலை உண்டு, வாங்கி மாட்டிக் கொள்ளலாம்.

பூட்டுக்குள்ளேயே சாவி

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இரும்புச் சாவி இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய பானெட்டைத் திறக்க வேண்டும். பானெட்டைத் திறக்கும் நெம்பி காருக்குள் இருக்கிறது. காருக்குள் போகக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்க பேட்டரியில் சார்ஜ் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்! பெட்டியைப் பூட்டி, சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டு விட்ட கதை.

இந்தத் தவறைப் பெரிய நிறுவனங்களும் செய்கின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் முடங்கியது நினைவிருக்கலாம். நெட்வொர்க் விழுந்தபோது, அதைச் சரி செய்யும் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால் சேர்ந்து விழுந்தன. இன்ஜினியர்கள் நேரில் போக வேண்டியதாயிற்று. பலத்த பாதுகாப்பு ஏற்பாடுகளால் உள்ளே போய் வேலையைத் தொடங்கவே நேரம் பிடித்தது என்று அந்த நிறுவனமே பின்னர் விளக்கியது. ஊழியர்களின் அடையாள அட்டைகள் கதவுகளைத் திறக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன.

மாற்று வழி எப்போதும் பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பழைய சி.டி. டிரைவின் முகப்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சின்னத் துளை இருக்கும். மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் குத்தினால் தட்டு வெளியே வந்து விடும். அதை வடிவமைத்த இன்ஜினியர், மின்சாரம் போகும் நாளையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

எல்லாக் கார் வடிவமைப்பாளர்களும் அப்படி நினைப்பதில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில், 2021-ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்கள் சுமார் 1.74 லட்சத்தைப் பற்றி விசாரணை தொடங்கியது. வெளிப்புறக் கதவுக் கைப்பிடிகள் மின்சாரம் குறைந்து வேலை செய்யாமல் போனதாகப் புகார். குழந்தைகள் உள்ளே இருக்க, வெளியே நின்ற பெற்றோர் தவித்திருக்கிறார்கள். நான்கு பேர் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். உள்ளே கையால் திறக்கும் நெம்பி உண்டு. ஆனால் சிறு குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட கைப்பிடிகள் பற்றிய கவலையில் சீனா, மின்சாரம் இல்லாமலும் கதவைத் திறக்க வழி இருந்தே தீர வேண்டும் என்ற விதியை அறிவித்திருக்கிறது. 2027 ஜனவரி 1 அதற்கான தேதி. நம் நாட்டிலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பதே என் விருப்பம்.

"இதற்கெல்லாம் போய் கவலைப்படுவார்களா? போன் செய்தால் சர்வீஸ் ஆள் வருகிறார்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். வருவார்தான். இரவு 2 மணிக்கு, சிக்னல் இல்லாத கீழ்த்தளத்துக்கு, எத்தனை நிமிடத்தில் வருவார்?

ஷோரூம்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கார் வாங்கிய அன்று எனக்குப் பெரிய உபசாரம் நடந்தது. இனிப்பு கொடுத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அட்டையில் செய்த, மூன்றடி நீளச் சாவி ஒன்றைக் குடும்பத்தோடு பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். பாட்டை மொபைலில் இணைப்பது எப்படி என்று கால் மணி நேரம் விளக்கினார்கள். ரிமோட்டுக்குள் நிஜமான சாவி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

முழுப் பழியையும் அவர்கள் மேல் போட மாட்டேன். கையேட்டில் படத்தோடு எழுதியிருந்தது. பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதாவது, பூட்டிய காரைத் திறக்கும் வழி பூட்டிய காருக்குள் இருந்தது!

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை ஊன்றிப் படியுங்கள். பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு பைலில் எழுதி அதே கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறீர்களா? அது டாஷ்போர்டில் இருந்த என் கையேடுதான். மெயில் பாஸ்வேர்டை மறந்தால் அதை மீட்கும் கடிதம் எங்கே வரும் என்று பாருங்கள். அதே மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் பயனில்லை.

விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் மூலம் நுழையும்போது ஹார்ட் டிஸ்க் தானாகவே ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டு விடுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ சில செட்டிங்குகளை மாற்றினாலோ, அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். இன்றே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்திடுங்கள். கூகுளில் இரண்டு கட்டச் சோதனை வைத்திருந்தால், மொபைல் தொலைந்து போகும் நாளுக்காக 10 மாற்று எண்களைத் தருகிறது. அவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். மொபைலில் படம் எடுத்து வைத்து விட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். தொலையப் போவதே அந்த மொபைல்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 10 நிமிடம் ஒதுக்குங்கள். சொந்தக் கார் இருந்தால், எல்லாக் கதவுகளையும் பூட்டி, ரிமோட்டைத் தொடாமல், இரும்புச் சாவியால் மட்டும் திறந்து பாருங்கள். பல வருடம் திறக்காத துவாரம் இறுகிப் போயிருக்கலாம். அதை இப்போதே தெரிந்து கொள்வது நல்லது. வீட்டில் கார் ஓட்டும் எல்லோரையும் ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள். கையேட்டை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு ரிமோட்டிலும் செல் மாற்றி விடுகிறேன். பேக்கப் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்க்கவும் வேண்டும் என்று என் அலுவலகத்தில் புதியவர்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். அந்தப் பாடம் என் சட்டைப் பையில் இருந்த சாவிக்கும் பொருந்தும் என்பது, அப்பா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.